ஆட்சேபணைக்குக் கடைசி நாள்

மஞ்சள் பிடிக்கவில்லை. காலை பதினொரு மணியிலிருந்து அம்சவேணி இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும்: எல்லைக்கோடு எங்கேயோ மூடவில்லை, அதனால் கலர் ஏற மாட்டேன் என்கிறது. முப்பத்தைந்து வருஷமாக நகரமைப்பு அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவள் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. கம்ப்யூட்டரில் ஒரு நிலத்துக்குக் கலர் ஊற்றுவது குடத்தில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. சுற்றுக்கோடு முழுசாக மூடியிருந்தால் ஒரே தட்டில் நிரம்பிவிடும். மயிரிழை வாய் திறந்திருந்தாலும் ஊற்ற மறுத்து, எல்லை மூடப்படவில்லை என்று திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கும். அந்தப் பெட்டியை இன்றைக்கு நாற்பது தடவையாவது தள்ளியிருப்பாள். தள்ளுவதும், கோட்டைப் பெரிதாக்கிப் பார்ப்பதும், தேடுகிற மாதிரி அம்புக்குறியை ஓரமாகவே நகர்த்திக்கொண்டு போவதுமாக மணி மூன்றாகிவிட்டது. இடைவெளி எங்கே என்று அவளுக்குத் தெரியும். கொடுவாக்கழியின் வடகிழக்கு மூலையில், கழித்தண்ணீர் கடலோரச் சாலைக்கு அடியில் மதகு வழியாகக் குனிந்து போகிற இடத்தில். நேற்று கிளம்பும் நேரத்தில் அவள்தான் அந்தப் புள்ளியைப் பிடித்து ஒரு துளி விலக்கி வைத்தாள். ஏன் வைத்தாள் என்று அப்போது யோசிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடியதுதான் ஞாபகம். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது, பிக்பாக்கெட் அடித்துவிட்டு இறங்க வழி தேடுகிறவன் மாதிரி. நூற்றுப் பதினெட்டு ஏக்கர் சதுப்பு. அதைக் காப்பாற்ற ஒரு துளி. சிரிப்பு வந்தது, பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் பிடிக்கலையா மேடம்?" என்று உதவி இயக்குநர் இளஞ்செழியன் மதியம் வந்து கேட்டார். நல்ல மனுஷன், கத்த மாட்டார், கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவள் சொன்னாள், சார், ஆட்சேபணை வாங்க இன்னிக்கு ஐந்தே முக்கால் வரைக்கும் டைம் இருக்கே, அதுக்கு முன்னாடியே மாத்தின மேப் எதுக்கு சார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் கண்ணாடியைத் துடைத்தார். "இருக்கட்டும் மேடம். காலைல பத்து மணிக்கு மீட்டிங். நீங்க ரெடி பண்ணி வைங்க, ஏதாச்சும் வந்தா பாத்துக்கலாம்." ஏதாச்சும் வந்தா. முப்பது நாளில் நாலு வந்திருக்கிறது. பறவை பார்க்கிற சங்கத்திலிருந்து ஒன்று, ஒரு வக்கீல் ஒன்று, பெயர் போடாமல் ஒன்று, தன் அண்ணன் பாகம் தரவில்லை என்று சம்பந்தமே இல்லாமல் ஒன்று. நாலுக்கும் சேர்த்து ஒரே பதில் போகும். அதைத் தட்டச்சு செய்து வைத்துவிட்டார்கள். பரிசீலிக்கப்பட்டது, ஏற்க இயலவில்லை. நாளைக் காலை கழி மஞ்சளாகும், மஞ்சள் என்றால் குடியிருப்பு. அடுத்த வாரமே லாரி வரும், வராமலிருக்காது, கம்பி வேலி போட்டு வாட்ச்மேன் உட்கார்ந்தே ரெண்டு மாசமாகிறது.

இந்த மஞ்சள், வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்குப் பிடித்த கலர். அப்போது கம்ப்யூட்டர் கிடையாது, மெழுகுத் துணியில் கறுப்பு மையால் கோடு இழுத்து, அச்சுப் போட்டு, பிறகு பிரஷ்ஷால் வர்ணம் தடவ வேண்டும். விவசாயத்துக்குப் பச்சை, தொழிற்சாலைக்கு ஊதா, நீர்நிலைக்கு நீலம், சதுப்பு என்றால் நீலத்தில் படுக்கைக் கோடுகள், ஒவ்வொன்றாக, இடைவெளி மாறாமல். மஞ்சள் மட்டும்தான் தடவத் தடவ மனசுக்கு ஏதோ செய்யும். அங்கே ஆட்கள் வீடு கட்டிக் குடியிருப்பார்கள், விளக்குப் போடுவார்கள், கோலம் போடுவார்கள் என்று நினைத்துக்கொள்வாள். வாடகை வீட்டில் தண்ணீர்க் குழாய்க்கு வரிசையில் நின்று சண்டை போட்டு வளர்ந்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும். இப்போது அவள் மகள் சிந்துஜா போனில் கேட்கிறாள், அம்மா அது எப்ப மஞ்சளாகும். அவள் வீட்டில் அம்மாவின் ஆபீஸ் பாஷை எல்லாருக்கும் தெரியும். சிந்துஜாவுக்கு ஆறு மாசம். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், கால் வீங்கிப்போய் கம்பெனி பஸ்ஸில். கொடுவாக்கழி வேலிக்கு வெளியே வைத்த பெரிய அடுக்குமாடி விளம்பர போர்டில் நீச்சல்குளமும் ஊஞ்சலும் போட்டிருக்கிறது, அவள் ஆபீஸிலிருந்து பத்து நிமிஷம். "மாறிடும்லம்மா? உனக்குத் தெரியாம இருக்குமா? சொல்லும்மா, அவர் டெய்லி கேக்கறார்." அம்சவேணி தெரியாதுடி என்றாள். ஏம்மா இழுக்கற என்றாள் அவள். மகள் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு பதினாலாவது மாடி பால்கனியில் நிற்பது கண்ணுக்கு முன்னால் வந்துவிடுகிறது, காற்று, வெளிச்சம், எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, கீழே பார்க்காதவரை. கீழே என்ன. கீழே கறுப்புக் களி, அதற்குக் கீழே சிப்பி, அதற்கும் கீழே களி. அவளுக்கு அந்தக் களியைத் தெரியும். தொடைவரை இறங்கியிருக்கிறாள். முப்பது வருஷத்துக்கு முன்னால், மே மாசம், முதல் பெருந்திட்டத்துக்கு எல்லை குறிக்கப் போனபோது. கழி எது கரை எது என்று தெரியாமல் உமரிச்செடி சிவந்து கிடந்தது, வெயிலில் தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது, நடுவில் மட்டும் தண்ணீர். கூட வந்த அதிகாரி குடையைப் பிடித்துக்கொண்டு ஜீப்பிலிருந்தே சொன்னார், தண்ணி நிக்கிற இடம் வரைக்கும் போட்டுக்கம்மா. மே மாசத்தில் தண்ணி நிற்கிற இடம். சார், மழைக்காலத்துல என்று ஆரம்பித்தாள். அதெல்லாம் மழைக்காலத்துல பாக்கலாம் என்றார். அவள் போட்டாள். இருபத்தெட்டு வயது, கல்யாணமான புதிது, கோடு அழகாக வந்தது, எல்லாரும் பாராட்டினார்கள். கழியில் மூன்றில் ஒரு பங்கு அந்தக் கோட்டுக்கு வெளியே விழுந்து, வெளியே விழுந்ததெல்லாம் மஞ்சளாகி, அன்பு நகர் என்று பெயர் வைத்தார்கள். ஆபீஸில் பாதிப் பேர் அங்கேதான் மனை வாங்கினார்கள். அவளும் வாங்கினாள். மூன்றாவது தெரு, கிழக்குப் பார்த்த வீடு. கக்கூஸ் தொட்டிக்குத் தோண்டும்போது சிப்பி சிப்பியாக வந்தது, குழந்தை சிந்துஜா அதைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள், அம்மா நம்ம வீட்டுக்குக் கீழ கடல் இருக்கா. இல்லடி, பேசாம விளையாடு.

சாலையைவிட அந்தத் தெரு ஒரு மீட்டர் எண்பது தாழ்வு. அந்த எண் அவளுக்குத் தெரியும். வீடு பார்க்க வந்த சொந்தக்காரர்கள், தரை கிரானைட்டா மொசைக்கா என்று கேட்டார்கள், ஒரு மீட்டர் எண்பது என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பெருமழை வந்த வருஷம் தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை, பாத்ரூம் ஓட்டையிலிருந்து, சமையலறை மூலையிலிருந்து, சத்தமே இல்லாமல் தரைக்குள்ளிருந்து ஊறி வந்தது. பரணில் இரண்டு நாள், அவளும் சிந்துஜாவும், கணவர் கஜேந்திரன் மாடிப்படிக்கட்டில். பக்கத்து வீட்டுச் சுவரில் ஒரு நீர்ப்பாம்பு ஓய்வாகப் படுத்திருந்தது. மகள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா, நான்தான்டி கோடு போட்டேன் என்று. இல்லை. இன்னும் சொல்லவில்லை. அந்த மகளையா இப்போது பதினாலாவது மாடியில் ஏற்றுவது, ஆனால் பதினாலாவது மாடிக்குத் தண்ணீர் வராதே, வேறு யார் வீட்டுக்காவது போகும், கழியில் மண்ணைக் கொட்டினால் அங்கே நின்ற தண்ணீர் எங்கே போகும், அன்பு நகருக்குத்தான் போகும், மூன்றாவது தெருவுக்குத்தான். அப்படியானால் அவள் பயப்படுவது கழிக்காகவா தன் வீட்டுக்காகவா. இந்த இடத்தில் வந்து மனசு எப்போதும் சிக்கிக்கொள்கிறது, சேலை ஆணியில் மாட்டின மாதிரி, இழுத்தால் கிழியும். கழிக்காகத்தான் என்று சொல்லிப் பார்த்தாள். பொய்யாகக் கேட்டது. வீட்டுக்காக என்றாள். அதுவும் முழுசாக உண்மையில்லை. டிசம்பரில் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் தண்ணீர் முழுக்க வெள்ளையும் ரோஸுமாகப் பூநாரைகள், தலையைக் கவிழ்த்துக்கொண்டு, வரிசை வரிசையாக. ஒவ்வொரு வருஷமும் அந்த ஒரு நிமிஷத்துக்காக ஜன்னல் சீட் தேடி உட்காருவாள். அதைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா.

ஞாயிற்றுக்கிழமை சமையல் முடித்துவிட்டு அவள் ஒரு ஆட்சேபணை எழுதினாள். ஒரே பக்கம். மே மாசம், குடை, ஜீப், தண்ணீர் நின்ற இடம், ஒரு மீட்டர் எண்பது, எல்லாம். முப்பது வருஷத்தில் அவ்வளவு வேகமாக அவள் எதையும் எழுதியதில்லை. எழுதி முடித்து, கஜேந்திரனிடம் நீட்டி, நீங்க கையெழுத்துப் போடுங்க, நான் கவர்மென்ட் சர்வன்ட் போட முடியாது என்றாள். அவர் தன் ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே படித்தார். "இதுல எழுதியிருக்கிறது உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்? என் பேர் போட்டா மட்டும் கண்டுபிடிக்க மாட்டாங்களா?" என்றார். "ரிட்டயர் ஆகப் பதினாலு மாசம் இருக்கு உனக்கு. கடைசி நாள்ல சஸ்பெண்ட் பண்ணி அனுப்பின கதை நம்ம தெருவுலயே ரெண்டு இருக்கு. பேசாம இரு." பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே இறங்கிய குரலில், "பேச வேண்டியது அன்னிக்கு" என்று சொல்லி முடிக்காமல் போனார். முடித்திருக்கலாம். அந்தத் தாள் கைப்பையில் நாலாக மடித்துக் கிடக்கிறது, டிபன் டப்பாவுக்கும் மாத்திரை அட்டைக்கும் நடுவில். தபால் பிரிவு தரைத்தளத்தில். மூன்று மாடி. பெயரில்லாமல் போட்டாலும் தெரிந்துவிடும், கையெழுத்து வேண்டாம், அவள் எழுத்தே போதும். ஸ்டென்சில் வைத்த மாதிரி நேராக நிற்கிற எழுத்து, அந்தக் காலத்து வரைவாளர் எழுத்து, ஆபீஸ் கல்யாணப் பத்திரிகைக் கவர்களுக்கெல்லாம் அவள்தான் விலாசம் எழுதுவாள். பெட்டி மறுபடியும் வந்து நின்றது. எல்லை மூடப்படவில்லை. தள்ளினாள். நாலரை.

வாசலில் யாரோ நின்றார்கள். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும் ஒரு பெண், ஒல்லி, நைட்டிக்கு மேல் துண்டு, கையில் பிளாஸ்டிக் கவர். செருப்பை வெளியே கழற்றி வைத்திருந்தாள். அந்தப் பெரிய அறையில் இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள், ஒருவரும் நிமிரவில்லை. அவள் ஒவ்வொரு மேஜையாகப் பார்த்து, பெண் என்பதால் போலிருக்கிறது, அம்சவேணியிடம் வந்தாள்.

"எம்மா, கீழ சீட்டு வாங்குற சார் மேல போவச் சொன்னாரும்மா. நம்பரு இல்லாம எட்துக்க மாட்டேன்றாரு."

"என்ன நம்பர்? எந்த ஊரும்மா நீங்க?"

"கொடுவாக்கழி. மதவுக்கு இந்தாண்ட பத்து வூடு இருக்குல்ல, எங்களுதுதான். பேரு பூங்காவனம். எறால் தடவுறோம்." கவரிலிருந்து மனுவை எடுத்தாள். கோடு போட்ட தாளில் நீல மையில் யாரோ பொறுமையாக எழுதியிருந்தார்கள். "செர்ச்சு சிஸ்டரு எழுதிக் குட்த்தாங்க. பேப்பர்ல வந்துச்சாமே, இன்னிக்குத்தான் கடைசின்னு சொன்னாங்க. மூணு பஸ்ஸு மாறி வந்தேன்."

அம்சவேணி படித்தாள். நாங்கள் இருளர் சமூகத்தைச் சேர்ந்த பத்துக் குடும்பங்கள், தலைமுறையாக இந்தக் கழியில் கையால் இறால் தடவிப் பிழைக்கிறோம், இரண்டு மாதமாக வேலி போட்டு இறங்க விடுவதில்லை. சர்வே நம்பர் இல்லை. சர்வே நம்பர் இல்லாத மனுவுக்கு இந்தக் கட்டடத்தில் உயிர் கிடையாது, எந்த ஃபைலில் போடுவது என்று தெரியாமல் குப்பைக்குப் போகும். தபால் பிரிவு தேவநாதன் அதையாவது மறைக்காமல் சொல்லியிருக்கிறார். மனுவை நீட்டிய கையைப் பார்த்தாள். விரல்நுனி முழுக்கச் சிப்பி கிழித்த பழைய கோடுகள், வெள்ளை வெள்ளையாக, குறுக்கும் நெடுக்குமாக.

"எந்த எந்த இடத்துல இறங்குவீங்க? இடம் தெரிஞ்சாத்தான் நம்பர் சொல்ல முடியும்."

"எடம்னா? கழி பூரா எறங்குவோம்மா. வெள்ளம் ஏறுனா நரிமேடு பக்கம். வத்துனா கெளுத்தி மடு. ஐப்பசி கார்த்திகைல தாய்ப்பள்ளத்துக்குப் போவோம், அங்கதான் குஞ்சு எறாலு அண்டும், பல்லுல பறியைக் கவ்விக்கினு கழுத்து மட்டும் தண்ணில ஒக்காந்து தடவுனா கூடை நெறையும். அப்பறம் செவப்புத் தரை. ஒடிஞ்ச படகு."

"ஒடிஞ்ச படகா?"

"அங்க படகு ஒண்ணும் இல்ல. பேரு அது."

அம்சவேணி நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி, திரையில் கழியைப் பெரிதாக்கினாள். முப்பது வருஷமாக இந்த வடிவம் அவள் கைக்குள் இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு வரைவாள், ஒரு பக்கம் வீங்கின ஈரல் மாதிரி. அதற்குள் எண்களைத் தவிர வேறெதுவும் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. மதகுலேர்ந்து நரிமேடு எவ்வளவு தூரம் என்று கேட்டாள். பூங்காவனம் திரையைப் பார்க்கவே இல்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக் கையை நீட்டி, இப்படிப் போயி இப்படி மடங்கி என்று காற்றில் காட்டினாள். அது இருநூற்றுப் பன்னிரண்டு. கெளுத்தி மடு இருநூற்றுப் பதிமூன்றில் ஒன்று. தாய்ப்பள்ளம், அவள் காட்டியதைப் பார்த்தால் இருநூற்றுப் பதினேழும் பதினெட்டும் சேருகிற இடம், அங்கேதான் போர்டில் நீச்சல்குளம் வருகிறது. நீச்சல்குளம் என்று சொல்லத் தோன்றி நாக்கு நுனியில் நின்றது. ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு எண்ணாக உட்காரும்போது அவளுக்கு ஒரு விசித்திரமான சந்தோஷம் வந்தது, பள்ளிக்கூடத்தில் பொருத்துக எழுதும்போது வருமே அது. சிவப்புத் தரை எங்கே என்று கேட்டபோது பூங்காவனம், "அது போச்சும்மா. ரொம்ப நாளாச்சு. அதுல இப்ப வூடு கட்டிக்கினாங்க, அன்பு நகருன்னு" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள், செத்துப்போன தூரத்துச் சொந்தத்தைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

ஓ, என்றாள் அம்சவேணி.

கைப்பை காலடியில் இருந்தது. குனிந்தால் எடுத்துவிடலாம். அந்த ஒரு பக்கத்தை இந்த மனுவோடு சேர்த்துப் பின் அடித்துப் பூங்காவனத்தைக் கையெழுத்துப் போட வைத்தால் போதும், வக்கீல் மனுவில்கூட இல்லாத விஷயம் அதில் இருக்கிறது, கோடே தப்பு என்று கோடு போட்டவள் சொல்வது. கோர்ட்டுக்குப் போனால் நிற்கும். நிற்குமா. நின்றால் யார் எழுதியது என்று கேட்பார்கள். இந்தப் பெண்ணைக் கேட்பார்கள், மூணாவது மாடியில ஒரு அம்மா என்று அவள் சொல்வாள், சொல்லாமல் என்ன செய்வாள், பொய் சொல்லத் தெரிந்த முகமாக இல்லை. பதினாலு மாசம். சிந்துஜாவின் பிரசவம். கஜேந்திரன் கடையில் ஜெராக்ஸ் மெஷின் வெளிச்சத்தில் முகம் பச்சையாக. குனிய வேண்டும் என்று இடுப்புக்குச் சொன்னாள், இடுப்பு கேட்கவில்லை. ஐந்து மணி ஆகிவிட்டது என்று யாரோ கேரியரைக் கழுவப் போனார்கள்.

"எழுதிக்கிறீங்களா, நான் நம்பர் சொல்றேன்" என்றாள்.

"எனக்கு என் பேரு மட்டுந்தாம்மா எழுத வரும்."

அம்சவேணி சுற்றிலும் பார்த்துவிட்டுப் பேனாவை இடது கைக்கு மாற்றினாள். மனுவின் அடியில், சிஸ்டரின் அழகான எழுத்துக்குக் கீழே, பால்வாடிப் பிள்ளை எழுதுகிற மாதிரி கோணல் மாணலாக, சர்வே எண்கள் 212, 213/1, 213/2 என்று கழியின் பதினாலு எண்களையும் எழுதினாள். எட்டு பூஜ்யம் மாதிரி விழுந்தது, அதன் மேலேயே திருத்தினாள். பூங்காவனம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கையில் ஏதாவது அடியாம்மா என்று கேட்டாள். ஆமா, சுளுக்கு, என்றாள் அம்சவேணி. "வேப்பெண்ண தடவி வெந்நி ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு மனுவைக் கவரில் போட்டுக்கொண்டு அவள் ஓட்டமும் நடையுமாகப் போனாள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.

அம்சவேணிக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவினாள். கண்ணாடியில் அறுபதை நெருங்கும் ஒரு பெண், காதோரம் சாயம் போன முடி. இடது கையால் எழுதினாயே, அது ஒரு தைரியம் என்று நினைத்துக்கொள்கிறாயா என்று அவளைக் கேட்டாள். ஐந்தாவது மனு. நாலுக்குப் போகிற பதில் ஐந்துக்கும் போகும், ஒரு நகல் அதிகமாக எடுக்க வேண்டும் அவ்வளவுதான். ஆனால் சீல் விழும், பதிவேட்டில் ஏறும், பிற்பாடு என்றைக்காவது யாராவது புரட்டிப் பார்த்தால் தாய்ப்பள்ளத்தில் இறால் இருந்தது என்று தெரியும். பெயர் மனுவில் இல்லையே, எண் மட்டும்தானே எழுதினாய். ஒரு நிமிஷம் நின்றாள். தாய்ப்பள்ளம் என்று எழுதியிருக்கலாம். ஒரு வார்த்தை. தண்ணீர் குழாயிலிருந்து ஒழுகிக்கொண்டே இருந்தது, திருகினாள், திருகத் திருக ஒழுகியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அவளுடைய நாற்காலியில் இளஞ்செழியன் உட்கார்ந்திருந்தார்.

"வடகிழக்கு மூலைல இருந்தது மேடம்" என்றார். "மதகுப் பக்கம். ஒரே ஒரு பாயின்ட் தள்ளியிருந்தது."

திரை முழுக்க மஞ்சள். படுக்கைக் கோடுகள் ஒன்றும் இல்லை. வீங்கின ஈரல் வடிவத்தில், ஓரம் வரைக்கும் சுத்தமாக, எங்கேயும் திட்டுத் திட்டாக இல்லாமல் நிரம்பியிருந்தது. இத்தனை வருஷமாக அவருக்குக் கம்ப்யூட்டரில் ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அவர் எழுந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவளைப் பார்க்கவில்லை, துடைத்துக்கொண்டே இருந்தார். "கண்ணு களைச்சுப் போயிருக்கும் மேடம், காலைலேர்ந்து பாத்துக்கிட்டே இருக்கீங்க. பிரின்ட் மட்டும் எடுத்து வச்சிட்டுக் கிளம்புங்க." தெரிந்துவிட்டது. தெரிந்தும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். மெமோ கொடுத்திருந்தால்கூட, ஏதோ செய்தோம் என்று கையில் ஒரு காகிதம் இருந்திருக்கும். அவர் கருணையோடு அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள், இருக்கை இன்னும் சூடாக இருந்தது. கண்ணை மூடினால் இமைக்கு உள்ளேயும் அதே மஞ்சள், பிறகு ஊதாவாக மாறி, ஓரத்தில் நடுங்கி, மறுபடியும் மஞ்சள். திறந்தாள். அச்சிடு என்பதை அழுத்தினாள். அறையின் கோடியில் பெரிய பிரின்டர் செருமிக்கொண்டு எழுந்து, தாளின் அகலத்துக்கு இப்படியும் அப்படியும் ஓட ஆரம்பித்தது. ஒரு ஓட்டத்துக்கு ஒரு விரல்கடை. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். நரிமேடு போயிற்று. கெளுத்தி மடு. படகே இல்லாத ஒடிஞ்ச படகு. பெயர் தெரியாமல் இருந்தபோது இப்படி இல்லை, எண்ணாக இருந்தவரை எத்தனையோ மஞ்சள் அவள் கையால் போயிருக்கிறது, சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறாள்.

"எம்மா."

பூங்காவனம் மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். மூச்சு வாங்கியது. மூன்று மாடியும் படியேறி வந்திருக்கிறாள். முகம் முழுக்கச் சிரிப்பு, மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. "எட்துக்கினாரும்மா! நம்பரப் பாத்ததும் ஒண்ணும் பேசல. டொக்குனு குத்திக் குட்த்தாரு, பாருங்க." ஒப்புகைச் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினாள். ஊதா சீல், தேதி, ஐந்து முப்பத்தெட்டு என்று நேரம், தேவநாதனின் கிறுக்கல். பிரின்டர் அவர்களுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அம்சவேணி தாளுக்கும் இவளுக்கும் நடுவில் வருகிற மாதிரி கொஞ்சம் நகர்ந்து நின்றாள். அவள் பார்த்தாலும் புரிந்திருக்காது. ஆனாலும் நகர்ந்தாள்.

"கவர்மென்ட்டு சீலு வுழுந்திச்சே. இனிமே ஒண்ணும் பண்ண மாட்டாங்கல்லம்மா?"

பண்ணுவார்கள். காலை பத்து மணிக்கு மீட்டிங், பத்தரைக்கு முடிந்துவிடும், பஜ்ஜி சாப்பிடுவார்கள். சொல்லலாம். மூணு பஸ் மாறி வந்தவளிடம், மூணு பஸ் மாறித் திரும்ப வேண்டியவளிடம். அம்சவேணி வாயைத் திறந்தாள், தொண்டையில் முகம் கழுவிய தண்ணீரின் குளோரின் வாசனை இன்னும் இருந்தது.

"பாப்பாங்கம்மா" என்றாள். "பரிசீலனை பண்ணுவாங்க."

பூங்காவனம் அந்த வார்த்தையைப் புரிந்துகொண்டவள் மாதிரி தலையாட்டினாள். "அப்ப நாளைக்கு எறங்கிக்கலாமா? வெள்ளம் ஏறுற நாளு. வேலிகிட்ட ஒரு வாட்ச்மேன் இருக்கான், கம்ப எட்துக்கினு தொரத்துறான், போன வாரம் என் தங்கச்சி பறியப் புடுங்கி கால்ல மெறிச்சிட்டான். இந்தச் சீட்டக் காட்டுனா வுட்டுடுவான்ல?"

"காட்டுங்க" என்றாள் அம்சவேணி. தன் குரல் அவ்வளவு திடமாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஃபைலைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்கிற குரல்.

"யாரு குட்த்தாங்கன்னு கேப்பானே. ஆபீசுல யாரப் பாத்தன்னு கேப்பான். ஒங்க பேரு இன்னாம்மா? ஒங்க பேரச் சொல்றேன்."

பிரின்டர் நின்றது. தாள் தானாக வெட்டுப்பட்டுக் கூடையில் விழுகிற சத்தம் கேட்டது. பின்னால் இளஞ்செழியன் அறைக் கதவு திறந்திருந்தது. அவள் அரை நொடிதான் தாமதித்திருப்பாள், அதற்குமேல் இல்லை, யோசித்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது.

"வசந்தா" என்றாள்.

"வசந்தா மேடம்." பூங்காவனம் கும்பிட்டாள். சீட்டைக் கவரில் வைத்து, கவரை இரண்டாக மடித்து நைட்டிக்குள் மார்போடு சேர்த்துச் செருகிக்கொண்டாள். வாசலில் ஒரு கணம் நின்று, "கைய வெந்நில வைங்க" என்று திரும்பிச் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அந்த நேரத்தில் கட்டடம் பாதி காலியாகிவிட்டதால் படிக்கட்டில் சத்தம் எதிரொலித்தது. அம்சவேணி அச்சான தாளை எடுக்காமல் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறந்துவிடக் கூடாது என்று அந்தப் பெண் ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை சொல்லிக்கொண்டே இறங்கிப் போனாள், வசந்தா மேடம், வசந்தா மேடம், மூணாவது மாடி வசந்தா மேடம்.